பல்லில் கறை: தண்ணீரை மாற்றினால் போதுமா, சாப்பாட்டையும் மாற்ற வேண்டுமா?

பாலக்கோட்டு மருமகள்:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம். பெரியவளுக்கு ஏழு வயது. பால்பல் விழுந்து முன்பல் இரண்டும் முளைத்திருக்கின்றன. சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளைக் கோடுகள், ஓரத்தில் லேசாக மஞ்சள். பல் டாக்டர் பார்த்தவுடனே, "இது தண்ணீரில் இருக்கிற புளோரைடு, தேய்த்தால் போகாது" என்று சொல்லிவிட்டார். சின்னவனுக்கு இப்போதுதான் இரண்டு வயது. அவனை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

குடிக்க கேன் தண்ணீர் வாங்குகிறோம். சமையல், மற்ற புழக்கம் எல்லாம் வீட்டு போர் தண்ணீர்தான். அது உப்புக் கரிக்காது, குடிக்க நன்றாகவே இருக்கும். என் மாமியார் சொல்வது வேறு: "நாங்கள் கிணற்றுத் தண்ணி குடித்து வளர்ந்தோம், ராகிக் களி தின்றோம், எங்களுக்கு எங்கே கறை வந்தது? இப்போது பிள்ளைகளுக்குச் சத்தில்லை, அதுதான்." ஆனால் அவருக்கே இப்போது இடுப்பும் கழுத்தும் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்க முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருக்கிறது. இது தண்ணீர்ப் பிரச்சினையா, சாப்பாட்டுப் பிரச்சினையா?

காரிமங்கலம் குமார்:
ஒரு ஆர்ஓ மெஷின் மாட்டுங்கள் அக்கா, முடிந்தது. சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பழைய லேப்காரன்:
தம்பி குமார், அவ்வளவு சீக்கிரம் முடித்துவிடாதீர்கள். நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த மாவட்டத்துத் தண்ணீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி ஊற்றியே காலம் போனது. புளோரைடு சோதனைக்கு ஒரு சாயக் கரைசல் உண்டு. தண்ணீரில் நாலு சொட்டு விட்டால் ரோஸ் நிறமாக இருக்கும். புளோரைடு ஏற ஏற அந்த ரோஸ் வெளுத்து மஞ்சளாகிவிடும். பக்கத்துப் பக்கத்து வீட்டு போர்களிலேயே ஒன்று ரோஸாக நிற்கும், ஒன்று மஞ்சளாகிவிடும். அதனால் "எங்கள் தண்ணீர் கரிக்காது" என்பதில் ஒன்றுமில்லை அம்மா. புளோரைடுக்கு ருசியும் கிடையாது, வாசனையும் கிடையாது.

உங்கள் மாமியார் சொன்னதில் பாதி சரி. அவர் குடித்தது மேல்மட்டக் கிணறு. ஏரி நிரம்பினால் அதுவும் ஊறும். மழைத் தண்ணீர் பாறையோடு அதிக நாள் உறவாடாது. நம் ஊர்ப் பாறைகளில் புளோரைடு உள்ள தாதுக்கள் இருக்கின்றன. இப்போது ஏரி வற்றி, 600 அடி, 800 அடி என்று துளைத்து எடுப்பது வருடக்கணக்கில் பாறை இடுக்கில் கிடந்த தண்ணீர். அந்த ஆழத்தில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், படிந்து குறைந்துவிடும், காரத்தன்மை கூடும். புளோரைடைப் பிடித்து வைக்கிற சுண்ணாம்பு இல்லாததால் அது தாராளமாகக் கரையும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு.

இது புதுக் கதையும் இல்லை. அப்போதைய சென்னை மாகாணத்து நெல்லூர் பகுதியில் புளோரைடு எலும்பைப் பிடிக்கிற இந்த நோயை 1937லேயே மருத்துவர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். மாமியாருக்குக் கழுத்து திரும்பாதது வெறும் வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் இந்தத் தண்ணீர் விவரத்தையும் சொல்லி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன். கேன் தண்ணீர் குடித்துவிட்டு போர் தண்ணீரில் சமைப்பதுதான் நான் எல்லா வீட்டிலும் பார்ப்பது. சோறு, களி, குழம்பு, பருப்பு எல்லாமே தண்ணீரைக் குடித்துத்தான் வேகின்றன. களிக்கு எவ்வளவு தண்ணீர் விடுகிறீர்கள், நினைத்துப் பாருங்கள். கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். தண்ணீர் ஆவியாகி புளோரைடு இன்னும் கெட்டிப்படும். டீத்தூளிலும் புளோரைடு இருக்கிறது. சின்னப் பையனுக்கு டீ கொடுக்கிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அவன் நிரந்தரப் பற்கள் ஈறுக்குள்ளே உருவாகிற வயது இது. கறை விழுவது இந்த வயதில்தான். எட்டு வயதுக்கு மேல் புதிதாக விழாது. ஆனால் எலும்புக்கு அந்தச் சலுகை கிடையாது.

அதே தண்ணீரைக் குடித்தாலும், சத்துக் குறைவான பிள்ளைக்கு அடி பலமாக விழும். சுண்ணாம்புச் சத்து வயிற்றிலேயே புளோரைடைப் பிடித்துக்கொள்ளும், ஒரு பகுதி கரையாமல் வெளியே போய்விடும். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். அரிசியில் பத்து வந்தால் பெரிது. நம் மண்ணில் விளைகிற ராகியை விட்டுவிட்டு ரேஷன் அரிசிக்கு மட்டும் மாறியதும், போர் ஆழமானதும் ஒரே தலைமுறையில் நடந்தது. மாமியார் சொன்னதில் அந்தப் பாதியைத்தான் சரி என்றேன். 1970களின் தொடக்கத்தில் ஆந்திரக் கிராமங்களில் முட்டி ஒட்டிக் கால் வளைந்த பிள்ளைகளைப் பற்றி ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் எழுதினார்கள். அவர்களும் தண்ணீரோடு சேர்த்து உணவையும் பார்த்தார்கள்.

புளியைப் பற்றியும் அதே நிறுவனம் ஆராய்ந்திருக்கிறது. புளி சேர்த்துக்கொண்ட பள்ளிப் பையன்களுக்குச் சிறுநீரில் புளோரைடு கூடுதலாக வெளியேறியது. புளிக்குழம்புக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் நாம், சந்தோஷப்படலாம். அதற்காகப் புளியை நம்பி போர் தண்ணீரைக் குடித்துவிடாதீர்கள்.

காரிமங்கலம் குமார்:
ஐயா, ஒகேனக்கல் தண்ணீர் வந்த பிறகும் ஏன் இப்படி? 2013லேயே திட்டத்தைத் தொடங்கிவைத்தார்களே.

பழைய லேப்காரன்:
காவிரித் தண்ணீர் நல்ல தண்ணீர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அளவு போதாத நாளில் மேல்நிலைத் தொட்டியில் உள்ளூர் போர் தண்ணீரையும் ஏற்றிக் கலக்கிவிடுகிறார்கள் என்று பல ஊரில் கேட்டிருக்கிறேன். அதனால் குழாய்த் தண்ணீரைத் தனியாக, போர் தண்ணீரைத் தனியாக பாட்டிலில் பிடித்து, மாவட்டக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கோடையில் ஒரு தடவை, மழைக்கப்புறம் ஒரு தடவை.

பாலக்கோட்டு மருமகள்:
ரொம்ப நன்றி ஐயா. சமையல் தண்ணீரைப் பற்றி யாருமே சொல்லவில்லை. ஆர்ஓ போட்டால் வெளியே போகிற தண்ணீரை மாட்டுக்கு வைக்கலாமா? எங்களிடம் இரண்டு கறவை மாடு இருக்கின்றன, அதனால்தான் கேட்கிறேன்.

கிராமச் செவிலி அக்கா:
மாட்டுக்கு வேண்டாம் கண்ணு. ஆர்ஓ பிரித்துத் தள்ளுகிற புளோரைடெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் சேர்ந்திருக்கும். மாட்டுக்கும் பல் தேயும், கால் பிடிக்கும். பாத்ரூம் கழுவ வைத்துக்கொள். கூரையில் விழுகிற மழைத் தண்ணீரில் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்ததைத் தொட்டியில் பிடித்து மூடி வைத்தால் சமையலுக்கு ஆகும். அதில் புளோரைடு இருக்காது. காய்ச்சித்தான் பயன்படுத்த வேண்டும்.

ஆர்ஓ தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் போய்விடுவதால் பிள்ளைகளுக்கு ராகிக் கூழோ, முருங்கைக்கீரையோ, எள்ளுருண்டையோ, மோரோ ஏதாவது தினமும் இருக்கட்டும். பாலை முழுக்கச் சொசைட்டிக்கு ஊற்றிவிடாமல் ஒரு அரை லிட்டராவது வீட்டில் நிறுத்திக்கொள். நெல்லிக்காய், கொய்யா கிடைக்கிற காலத்தில் கொடு. பெரியவள் பல்லுக்குப் பொடியும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்க்க விடாதே, எனாமல்தான் போகும். சின்னவனுக்குப் பேஸ்ட் ஒரு அரிசி அளவு, விழுங்காமல் பார்த்துக்கொள்.