சைரன் அடிச்ச ஸ்கிரீன்ல இருந்த நம்பருக்குக் கூப்பிட்டாச்சு, இப்ப என்ன பண்றது?

புதூர்வாசி:
பெரியப்பாவோட விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்ல திடீர்னு மைக்ரோசாஃப்ட் லோகோவோட "லாக் ஆயிருச்சு, ஆஃப் பண்ணாதீங்க"ன்னு ஸ்கிரீனை அடைச்சு ஒரு எச்சரிக்கை, கூடவே சைரன். கீழே இருந்த நம்பருக்கு அடிச்சுட்டார். எனிடெஸ்க் (தூரத்துல இருந்தே நம்ம கம்ப்யூட்டரை இயக்கற சாஃப்ட்வேர்) போடவச்சு, கருப்பு விண்டோல எதையோ டைப் பண்ணி, "இது உங்க லைசென்ஸ் நம்பர், வாசிக்கிறேன், சரிபாருங்க"ன்னானாம். ஸ்கிரீன்லயும் அச்சு மாறாம அதே நம்பர். 4,999 ரூபா கேட்கவும் போனை வச்சுட்டார். பணம் போகலை. அந்த நம்பர் அவனுக்கு எப்படித் தெரியும்? நடுவுல அஞ்சு நிமிஷம் ஸ்கிரீன் இருட்டா இருந்துச்சுங்கிறார், அதான் உறுத்துது.

காளவாசல் சர்வீஸ்:
அது 888 டிசிஏ 60னு ஆரம்பிச்சிருக்கும். பெரியப்பாவோடதுல மட்டுமில்ல, டவுன்ஹால் ரோட்டுல விக்கிற விண்டோஸ் மெஷின் எதுல பார்த்தாலும் அதேதான். அந்தக் கருப்பு விண்டோல "அசாக்" (assoc)னு கமாண்ட் அடிச்சா ஃபைல் வகைகள் வரிசையா ஓடி, கடைசி வரிகள்ல அது வந்து நிக்கும். "சென்ட் டூ" மெனுவுல ஜிப் ஃபோல்டருக்கான உள் அடையாளம். லைசென்ஸுக்கும் அதுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல.

இதுக்கு மசியலைன்னா விண்டோஸோட பதிவேடான ஈவன்ட் வியூவரைத் திறந்து சிவப்பு, மஞ்சள் குறிகளைக் காட்டுவாங்க. நேத்து வாங்குன லேப்டாப்லயும் அது இருக்கும். ஒரு சர்வீஸ் லேட்டா கிளம்புனாக்கூட விண்டோஸ் எழுதி வச்சுக்கும். நெட் இணைப்புகளைக் காட்டற "நெட்ஸ்டாட்" கமாண்டுல "ஃபாரின் அட்ரஸ்"னு இருக்கறதைக் காட்டி வெளிநாட்டு ஹேக்கர்ம்பாங்க. அங்க ஃபாரின்னா லைனோட அந்தப் பக்கம், அவ்வளவுதான்.

சைரன் ஸ்கிரீன் வெறும் வெப் பேஜ். எஸ்கேப் கீயை ரெண்டு மூணு செகண்ட் அமுக்கிப் பிடிச்சா ஃபுல் ஸ்கிரீன் விட்டுரும். மசியலைன்னா கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அடிச்சு, டாஸ்க் மேனேஜர்ல பிரவுசருக்கு எண்ட் டாஸ்க். மறுபடி திறக்கும்போது "ரீஸ்டோர்" கேட்டா கொடுக்காதீங்க, அதே பேஜ் திரும்ப வந்துரும். மைக்ரோசாஃப்ட் தர்ற எச்சரிக்கையில போன் நம்பரே இருக்காது.

ஒத்தக்கடை நெட்வொர்க்:
அந்த இருட்டுதான் விஷயமே. எனிடெஸ்க்ல பிரைவசி மோடுன்னு ஒண்ணு இருக்கு. நமக்கு ஸ்கிரீன் கருப்பு, அவனுக்கு மொத்த டெஸ்க்டாப்பும் தெரியும். அந்த நேரத்துல வேற ரிமோட் சாஃப்ட்வேரை ஏத்தியிருக்கலாம், அதனால எனிடெஸ்க்கை மட்டும் தூக்குனா பத்தாது.

முதல்ல நெட்டைத் துண்டிங்க. எதையும் அழிக்கறதுக்கு முன்னாடி, சி டிரைவ்ல புரோகிராம் டேட்டாவுக்குள்ள எனிடெஸ்க் ஃபோல்டரைப் பாருங்க (இன்ஸ்டால் பண்ணாம ஓட்டியிருந்தா யூசரோட ஆப் டேட்டாவுல இருக்கும்). "கனெக்‌ஷன் டிரேஸ்"னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல். எந்த ஐடி எத்தனை மணிக்கு உள்ள வந்துச்சுன்னு அதுல பதிவாகியிருக்கும். பென்டிரைவ்ல எடுத்து வைங்க, புகாருக்கு ஆகும். அப்புறம் இன்ஸ்டால்டு ஆப்ஸ்ல தேதி வாரியா அடுக்கி அன்னிக்கு ஏறுனதைப் பாருங்க: ஸ்கிரீன்கனெக்ட், டீம்வியூவர், அல்ட்ராவியூவர். என்னைக் கேட்டா இந்தத் தேடலே வீண்வேலை. போட்டோ, டாக்குமெண்டை மட்டும் காப்பி எடுத்துட்டு "ரீசெட் திஸ் பிசி", "ரிமூவ் எவ்ரிதிங்" கொடுத்துருங்க. பாஸ்வேர்டை வேற போன்ல இருந்து மாத்துங்க. முதல்ல மெயில், அப்புறம்தான் நெட்பேங்கிங்; மத்த பாஸ்வேர்டை ரீசெட் பண்ற லிங்க்கெல்லாம் மெயிலுக்குத்தானே வருது.

மேலூர்க்காரர்:
பணம் போகலைன்னு வாய்ல சொன்னா பத்தாது, ஸ்டேட்மெண்டைப் பாருங்க. ஒரு ரூபா குறைஞ்சிருந்தாலும் உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930. யுபிஐன்னா 12 இலக்க யுடிஆர் (பரிவர்த்தனை நம்பர்), தேதி, நேரம் கையில இருக்கட்டும். பணம் நாலு அக்கவுண்டுக்குப் பிரிஞ்சு ஓடறதுக்குள்ள முடக்கணும், அதுக்குத்தான் அவசரம். பேங்குலயும் தனியா சொல்லி புகார் நம்பர் வாங்குங்க. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சர்க்குலர்ல சொன்னபடி, விவரத்தை நாமளே கொடுத்து ஏமாந்திருந்தா பேங்குக்குச் சொல்ற வரைக்குமான நஷ்டம் நம்மளது, சொன்ன பிறகு போறது பேங்கோடது. ஸ்டேஷன்: மதுரை சிட்டிக்குள்ளன்னா மாநகர சைபர் கிரைம், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம்னா மாவட்ட சைபர் கிரைம்.

புதூர்வாசி:
ஃபைல் கிடைச்சிருச்சு அண்ணே, ரெண்டு தடவை உள்ள வந்திருக்கான். ஸ்டேட்மெண்ட் சுத்தமா இருக்கு. பெரியப்பா போன் நம்பரை மாத்தணுமா?

காளவாசல் சர்வீஸ்:
வேண்டாம். ஆனா நம்பர் அவங்க லிஸ்ட்ல ஏறியாச்சு. அடுத்து "ரீஃபண்ட் தர்றோம்"னு இன்னொருத்தன் வரலாம். ரிமோட்ல ஏறி, நெட்பேங்கிங் பேஜைத் திறக்கவச்சு, 4,999 போட வேண்டிய இடத்துல 49,990 விழுந்துருச்சு, மிச்சத்தை அனுப்புங்கன்னு அழாத குறையா கெஞ்சுவான். பிரவுசர்ல எஃப்12 அடிச்சு அந்தப் பேஜ்ல எழுத்தை மட்டும் மாத்தியிருப்பான். எஃப்5 அடிச்சா பழைய பேலன்ஸே வந்து நிக்கும்.