ஃப்ரீஸ்: உறைவா, கட்டா?

வணக்கம். விமானப் பயிற்சி சிமுலேட்டரில் ஓட்டத்தையோ அதில் ஒரு பகுதியையோ பயிற்சியாளர் நிறுத்திவைப்பதை ஃப்ரீஸ் என்பார்கள். அதற்குத் தமிழில் ‘உறைவு’ என்று நம் குழுவில் போன வாரம் முடித்துவிட்டோம், ஆனால் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. உறைவு என்றால் கணினி தொங்கிப்போய் திரை அசையாமல் நிற்பதுதான் நினைவுக்கு வரும்.

ஆரிங்க் 610 என்ற விமான மின்னணுத் துறை வழிகாட்டி ஆவணத்தைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். அசல் விமானத்தில் போகிற மின்னணுப் பெட்டியையே சிமுலேட்டரிலும் சோதனை மேசையிலும் மாட்டினால் வரும் தகராறுகள்தான் அதன் பேச்சே. ரீபொசிஷனை எடுத்துக்கொள்ளுங்கள், பயிற்சியாளர் ஒரு பொத்தானைத் தட்டுகிறார். 35,000 அடியில் போன விமானம் ஓடுபாதைக்கு 10 கடல் மைல் முன்னால் 3,000 அடிக்கு வந்துவிடுகிறது. உள்ளே இருப்பவருக்கு அது பயிற்சி, பெட்டிக்கோ உணரி ஏதோ கெட்டுப்போன மாதிரி! ‘இது பழுதல்ல, நாங்கள்தான் நகர்த்தினோம்’ என்று அதற்குச் சொல்ல ஒரு வழி வேண்டும், அதைப் பெட்டி செய்பவரே உள்ளே வைத்துத் தர வேண்டும்.

இப்போது பொசிஷன் ஃப்ரீஸைப் பாருங்கள். வேகம் 250 நாட் காட்டுகிறது, என்ஜின் ஓடுகிறது, எரிபொருள் குறைகிறது, அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டும் நகரவில்லை. இதில் எது உறைந்தது? ஒன்றை மட்டும் கட்டிப்போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஊரில் வாய்க்கட்டு என்பார்களே, ஆள் நடமாடுவான், சாப்பிடுவான், பேச்சு மட்டும் வராது. அதனால் இடக்கட்டு, எரிபொருட்கட்டு, முழுக்கட்டு என்று வைக்கலாம் என்பது என் கட்சி.

இதற்குத் தம்பி ஒருவரின் பதில்:

> எரிபொருட்கட்டு என்றால் பெட்ரோல் பங்கில் ‘ஸ்டாக் இல்லை’ பலகை மாட்டிய மாதிரி இருக்கிறதே அண்ணா. போதாததற்கு கட்டு புண்ணுக்கும் உண்டு, வைக்கோலுக்கும் உண்டு.

சரி தம்பி, பலகை விஷயம் நியாயம்தான், ஆனால் தனியாக ‘கட்டு’ என்று யாரும் எழுதப் போவதில்லை, முன்னால் ஒரு சொல் ஒட்டிக்கொண்டுதான் வரும். அப்புறம் இன்னொன்று, அன்ஃப்ரீஸுக்கு என்ன செய்வீர்கள்? உறைவு என்றால் ‘உருக்கு’ என்று போக வேண்டும், அது இரும்புக்கடைக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். கட்டுக்கு ‘அவிழ்ப்பு’ கையிலேயே இருக்கிறது.

ரீபொசிஷனுக்கு மட்டும் எனக்கு ஒன்றும் அமையவில்லை. ‘தாவல்’ நன்றாகத்தான் இருந்தது, அதை உலாவிக்காரர்கள் ‘டேப்’ என்பதற்கு எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். ‘இடப்பெயர்வு’ வேண்டாம், ஈழத்து நண்பர்களுக்கு அந்தச் சொல் வேறு எதையோ நினைவூட்டும். ‘பெயர்த்துவைப்பு’ எப்படி?