பெரட்டு நேரத்தில் மடங்காத விரல்: முடக்குவாதம் பற்றி நாம் கண்டவை

தோட்ட மருந்தகம், ஹட்டன் பக்கம்:
கொழுந்தெடுக்கும் பெண்களில் கைவலி இல்லாதவர் குறைவு. அதனாலேயே முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி இறுகும் ருமட்டோயிட் ஆர்த்ரைட்டிஸ்) மாதக் கணக்கில் "குளிருக்கு வந்த வாதம்" என்ற பெயரில் ஒளிந்து கிடக்கிறது. முதலில் கேட்க வேண்டியது, "எத்தனை மணிக்கு வலி கூட?" என்றுதான். வேலையால் வந்த தசைநார் வலி கொழுந்தை எடைபோட்ட பிறகு, அந்தியில் கூடும், படுத்தெழும்பினால் தணியும். முடக்குவாதம் நேர்மாறு. விடியக்காலையில் விரல் மடங்காது. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க மற்றக் கையும் வேண்டும். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்துக்குப் போகும்போதும் இறுக்கம் விடாது, மலையில் வேலை தொடங்கிய பிறகே மெல்ல இளகும். கைக்கு வேலை கொடுத்தால் லேசாகிறது என்று சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள்.

அடுத்தது தொட்டுப் பார்ப்பது. கை கொடுப்பது போலப் பிடித்து, நான்கு விரல்களின் அடிமூட்டுகளையும் பக்கவாட்டில் சேர்த்து மெதுவாக அமுக்குங்கள். வலியில் கையை இழுத்துக்கொண்டால் சந்தேகப்படலாம். வீக்கம் பஞ்சு போல மெத்தென்று இருக்கும், பெரும்பாலும் இரண்டு கைகளிலும் வரும். நுனிமூட்டு மட்டும் கல் போலப் புடைத்திருந்தால் அது தேய்மானத்தின் பக்கம். காலை இறுக்கம் அரைமணிக்கு மேல் நீடித்து, வீக்கம் 6 வாரம் தாண்டினால் தைலம் தடவிக் காத்திருக்க வேண்டாம். கிளினிக்குக்குத் துண்டு எழுதுங்கள். குளிர் வலியைக் கூட்டும், ஆனால் இந்த நோயை உண்டாக்குவதில்லை.

ஆய்வுகூடம், பண்டாரவளை:
உள்ளே நடப்பது இதுதான். மூட்டின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வுக்குள் வெள்ளணுக்கள் கூட்டமாக நுழைகின்றன. கிருமியை எதிர்க்க வேண்டிய படை சொந்த உடலையே பகையாக எண்ணிவிடுகிறது. சவ்வு தடித்து, குருத்தெலும்பின் மேல் படர்ந்து அரிக்கும். எலும்பின் ஓரத்தில் குழி விழும். அந்தக் குழி விழுந்தால் பழையபடி ஆகாது. அதனால்தான் முதல் மாதங்கள் இவ்வளவு முக்கியம்.

ஆர்.எஃப். என்ற இரத்தப் பரிசோதனை (இந்த நோயில் பலருக்குக் காணும் ஓர் எதிர்ப்புப் பொருளைத் தேடுவது) நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று யாரும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது; நோய் இருந்தும் நெகட்டிவாக வருவோர் உண்டு. நோயே இல்லாத வயதானவர்களில் சிலருக்கு பொசிட்டிவாக வரும். ஆன்டி சீ.சீ.பீ. என்ற இன்னொரு இரத்தப் பரிசோதனை இதைவிடத் துல்லியமானது. இன்னொன்று: இரத்தச்சோகை இருந்தாலே, உடலின் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். கூடும். தோட்டப் பெண்களில் இரத்தச்சோகை சாதாரணம் என்பதால் அழற்சியைக் காட்டும் மற்றப் பரிசோதனையான சீ.ஆர்.பீ.யும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

மருந்தாளர், நுவரெலியா:
நான் மன்றாடிக் கேட்பது, இந்த நோயை அடக்கக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் பற்றி. அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கும் மருந்து. 10 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால், 2.5 மில்லிகிராம் குளிசை நான்கு, அந்த ஒரே நாளில். "தினம் ஒன்று" என்று விளங்கிக்கொண்டால் வாய்ப்புண், வயிற்றோட்டம், காய்ச்சல் என்று தொடங்கி வெள்ளணு சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். அப்படி நடந்தால் புண் ஆறும்வரை வீட்டில் இருக்க வேண்டாம், குளிசை அட்டையோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பக்கவிளைவைக் குறைக்கக் கூடவே தரும் போலிக் அமிலம் என்ற விற்றமினும் பல நேரம் சின்ன மஞ்சள் குளிசைதான். இரண்டையும் ஒரே பையில் போட்டால் மாறிப்போகும். தனித்தனி உறையில் போட்டு, மெத்தோட்ரெக்ஸேட் உறையில் "ஞாயிறு மட்டும்" என்றும் போலிக் அமில உறையில் கிளினிக் சொன்ன நாளையும் பெரிதாக எழுதுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு, வீட்டுக் கலண்டரில் அந்த ஞாயிறுகளைப் பிள்ளைகளைக் கொண்டு வட்டமிடச் சொல்லுங்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் பிடிக்கும். இரண்டாம் வாரத்தில் "ஒன்றும் கேட்கவில்லை" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

சிறுநீர்க் கிருமிக்கோ இருமலுக்கோ வேறிடத்தில் மருந்து எடுக்கும்போது கிளினிக் கொப்பியைக் காட்டட்டும். கோ-ட்ரைமொக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்து மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேரவே கூடாது. சாராயமும் ஈரலைக் கெடுக்கும். பிள்ளை பெற நினைக்கும் பெண் பல வாரம் முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்ற வேண்டும்.

தாதி, பதுளை:
டவுனில் பெயரில்லாத பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கும் வெள்ளைக் குளிசையைப் பற்றியும் எழுத வேண்டும். இரண்டே நாளில் வலி பறந்தால் அதில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரோய்ட் மருந்து இருக்கலாம். வலி அடங்கும், ஆனால் மாதக் கணக்கில் எடுத்தால் சீனி கூடும், முகம் ஊதும், எலும்பு மெலியும். பல வாரம் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் வாந்தி, தலைச்சுற்று, பிரஷர் இறங்கி விழுந்துவிடக்கூடும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் மருத்துவர் சொல்லும் கணக்கில். பொட்டலத்தை எறியாமல் கிளினிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்கள் அதற்கான இரத்தப் பரிசோதனையைத் தவறவிடுவதற்கு முக்கிய காரணம் கவனக்குறைவு இல்லை, அன்றைக்குப் பேர் விழாது, அதாவது அன்றைய கூலி கிடைக்காது என்பதுதான். தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கொரு முறை இரத்தம் எடுக்க வேண்டியிருப்பதால், வேலைக்கு முன் காலையில் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே எடுத்து, முடிவை மட்டும் கிளினிக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கேட்டால் பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.