இத்தாலியிலிருந்து ஆலிவ் குச்சி கொண்டுவரலாமா?

கேள்வி (ஜெயநகர், பெங்களூரு): தென் இத்தாலியில் படிக்கும் என் மகள், நடுவதற்காக, ஈரத்துணியில் சுற்றிய இரண்டு ஆலிவ் குச்சிகளைப் பெட்டியில் கொண்டுவருவதாகச் சொல்கிறாள். இலையில் ஒரு புள்ளிகூட இல்லை. தவறு உண்டா?

பதில் (ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்): அம்மா, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2013-இல் தென் இத்தாலியின் புலியா பகுதியில் உள்ள ஆலிவ் மரங்களில் கண்டறியப்பட்ட சைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்னும் பாக்டீரியா, மரத்தில் நீர் ஏறும் குழாய்களுக்குள் பெருகி அவற்றை அடைத்துவிடுவதால், மண்ணில் ஈரம் இருந்தும் இலைநுனி கருகி, நூற்றாண்டு கண்ட மரங்களும் பட்டுப்போயின. சாறு உறிஞ்சும் பூச்சிகள் அதை மரம்விட்டு மரம் பரப்புகின்றன. தொற்றிய செடி பல மாதங்கள் பச்சையாகவே நிற்கக்கூடும் என்பதால், புள்ளி இல்லாதது சான்றாகாது. இதன் இன்னொரு துணையினம் திராட்சையைத் தாக்குவது; நந்தி மலைப் பக்கத்துத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள்.

பதில் (எலகங்கா): சட்டமும் இடம்தராது. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, நடுவதற்கான குச்சிக்கு முன்கூட்டிய இறக்குமதி அனுமதியும், ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். பெட்டிக்குள் வந்தாலும் அப்படித்தான்.

பதில் (மாடித்தோட்டக்காரர், மல்லேஸ்வரம்): 1952-இல் டெல்லியில் முதலில் பதிவான மாதுளை பாக்டீரியக் கருகல், இன்று கர்நாடக விவசாயிகளின் தீராத தலைவலி. நான் வாங்கிய பதியனிலும் அது ஒளிந்திருந்தது போலும். மழைக்குப் பின் இலையில் நீர்கோத்த புள்ளிகள், பிறகு கரும்புள்ளி விழுந்து வெடித்த காய்கள். வேரோடு பிடுங்கி எரித்தேன்.

கேட்டவர்: மகளிடம் சொல்லிவிட்டேன். ஆலிவ் எண்ணெய் மட்டும் வருகிறது.