ஸ்னோ ஷூ (பனியில் புதையாமல் நடக்கக் காலணிக்கு அடியில் கட்டும் அகலச் சட்டம்) கட்டிய சேலத்துக்காரர்கள் யாராவது இருக்கிறீர்களா? அனுபவம் சொல்லுங்கள்

அஸ்தம்பட்டி நடையன்
உத்தராகண்டில் கேதார்கந்தா பனிமலை ஏறப் போய்வந்து இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் ஆறவில்லை. அமெரிக்காவிலிருந்து மைத்துனர் ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்த ஜோடி, 30 அங்குலம். முறத்துக்குப் பட்டை வைத்துத் தைத்த மாதிரி இருக்கும். அடிவாரத்துச் சாங்க்ரி கிராமம் வரை பையின் மேல் கட்டித் தூக்கிப்போனேன். வழிகாட்டி பார்த்துச் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

உச்சிக்குக் கிளம்பிய அன்று விடியவே இல்லை. எனக்கு முன்னால் போனவர்கள் மிதித்து மிதித்துத் தடம் சிமெண்ட் தரையாக இறுகிக் கிடந்தது. அதன்மேல் போய் இதைக் கட்டினேன். ஒரு சரிவைக் குறுக்கே கடக்கும்போது அகலச் சட்டத்தின் ஓரம் மட்டும் ஊன்றியது, கணுக்கால் திருகியது, இருபது அடி சறுக்கிப்போய் நின்றேன். எங்கள் குழுவிலேயே வந்த கல்லூரிப் பெண், சாங்க்ரியில் வாடகைக்கு எடுத்த மைக்ரோ ஸ்பைக்கோடு (காலணிக்கு அடியில் மாட்டும் சின்ன இரும்புப் பற்கள்) சரக் சரக்கென்று பக்கத்தில் வந்து, "அண்ணா, முதல்ல அதைக் கழட்டுங்க" என்றாள். அந்தச் சரக் சரக் இன்னும் காதில் கேட்கிறது.

சூரமங்கலம், இப்போது மாண்ட்ரியல்
அதற்காக ஸ்னோ ஷூவே வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எனக்கு நடந்தது நேர் எதிர். நான் 88 கிலோ, முதுகில் 10 கிலோ. வாடகைக் கடையில் கையில் கிடைத்த 22 அங்குலத்தைக் கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். முந்தின இரவுதான் பனி கொட்டியிருந்தது, மாவு மாதிரி. முழங்கால் வரை புதைந்து புதைந்து போனேன். ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தடியில் ஒதுங்கினேன் பாருங்கள், தொடை வரை உள்ளே போய்விட்டேன். கிளைகள் பனியைத் தாங்கிக்கொள்வதால் அடிமரத்தைச் சுற்றி உள்ளே பொள்ளலாக இருக்குமாம், பிறகுதான் தெரிந்தது. கீழே ஷூ கிளையில் மாட்டிக்கொண்டது. கையால் தோண்டித்தான் காலை எடுத்தேன். அன்றைக்கு உங்கள் முறம் எனக்குக் கிடைத்திருந்தால் கும்பிட்டிருப்பேன்.

ஏற்காடு களத்துமேடு
நான் பனியையே பார்த்ததில்லை. ஆனாலும் கட்டியிருக்கிறேன்! மணாலி போகிறேன் என்று நண்பனிடம் இரவல் வாங்கி, பழகிப் பார்க்கலாமே என்று மாமா தோட்டத்துக் காபிக் களத்தில் இறங்கினேன். ஜனவரி, பழம் காய்கிற நேரம். நாலு எட்டு நன்றாகத்தான் போனது. மாமா மேலிருந்து "டேய்!" என்று கத்தினார். பயத்தில் பின்னால் காலை வைத்தேன். பின்பக்க வால் தரையில் குத்தி, மல்லாக்கக் காபிக் குவியலில் விழுந்தேன். அடியில் இருக்கும் இரும்புப் பல் தார்ப்பாயை ஒரு முழத்துக்குக் கிழித்திருந்தது. மணாலி போகவும் இல்லை. தார்ப்பாய்க் காசு மட்டும் போனது.

செவ்வாய்ப்பேட்டை
குல்மர்க்கில் ஒருமுறை அரை நாள் நடந்தேன், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேலே மூன்று பேருமே ஒரே தப்பைச் செய்திருக்கிறீர்கள். எங்கே நடக்கப் போகிறோம் என்று கேட்காமல் ஷூவை எடுத்திருக்கிறீர்கள். புதுப்பனியில் எடையைப் பரப்பித் தாங்கத்தான் இந்த அகலம். அந்த எடையில் பை, உடுப்பு, தண்ணீர் எல்லாம் சேர்த்தி. மாண்ட்ரியல்காரர் 88 என்று நினைத்தார், பனிக்கு அவர் 98. பெரும்பாலான கம்பெனிகளில் 25 அங்குலம் 80, 90 கிலோ வரைதான், அதற்கு மேல் 30. சின்ன ஷூவின் பின்னால் 6 அங்குல வாலைக் கூட்டி மாட்டுகிற வகையும் உண்டு, அதைக் கேட்டிருக்கலாம்.

இறுகின தடத்தில் அகலமே பாரம், ஸ்பைக் போதும். செங்குத்தான ஏற்றத்துக்குச் சட்டம் சுற்றிலும் பல் இருக்க வேண்டும், குதிகாலுக்குக் கீழே தூக்கி நிறுத்தும் கம்பி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கெண்டைக்கால் கதறும். ஓடுகிறவர்களுக்குத் தனியாகக் குறுகலானது உண்டு. பெண்களுக்கான ஷூவும் ஒடுக்கமாகத்தான் வரும், காலை அகட்டி நடக்க வேண்டாம். ஊன்றுகோலில் அகல வளையம் போட மறக்காதீர்கள். பின்னால் போக நினைத்தால் வட்டமடித்துத் திரும்புங்கள், ஏற்காடு தம்பி கவனிக்க.

ஏற்காடு களத்துமேடு
அண்ணா, மாமா கத்தும்போது வட்டமடிக்கவெல்லாம் தோணாதுங்க.

சூரமங்கலம், இப்போது மாண்ட்ரியல்
98 சரிதான். ஆனால் "கேட்காமல் எடுத்தீர்கள்" என்பது சரியில்லை. கடைக்காரரிடம் கேட்டேன், அவர் என் செருப்பு அளவைக் கேட்டார்.

அஸ்தம்பட்டி நடையன்
அந்த 30 அங்குல ஜோடி பரணில் சும்மா கிடக்கிறது. புதுப்பனிப் பக்கம் போகிறவர்கள் யாரானாலும் எடுத்துப் போங்கள், வாடகை வேண்டாம். மே மாதம் மைத்துனர் ஊருக்கு வருவதற்குள் திரும்பி வந்தால் போதும். வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பார்.