யானை பேரு ஒட்டகத்துக்கு எப்படி போச்சு?

சொல்பொறுக்கி:
பொழுதுபோக்கா கோதிக் மொழி (ஜெர்மன், ஆங்கிலத்தோட குடும்பம், இப்ப வழக்குல இல்ல) படிச்சிட்டிருக்கேன், அதுல ஒட்டகத்துக்கு 'உல்பந்துஸ்'னு இருக்கு, பார்த்தா கிரேக்கத்துல யானைக்கு சொல்ற 'எலெஃபாஸ்', 'எலெஃபந்தோஸ்' சாயல் அப்படியே அடிக்குது. ரெண்டும் ஒண்ணா, இல்ல நான்தான் சும்மா முடிச்சு போடறேனா?

பழைய_ஏடு:
ரெண்டும் ஒண்ணுன்னுதான் பெரும்பாலும் சொல்றாங்க. ஆனா சுவாரசியம் வேற இடத்துல இருக்கு. 4ஆம் நூற்றாண்டுல வுல்ஃபிலாங்கற கோத் பிஷப் பைபிளை கோதிக்குக்கு கொண்டுவரப்ப, ஊசிக்காதுல ஒட்டகம் நுழையுற வசனம் இருக்குல்ல, மாற்கு 10:25, அங்க கிரேக்க மூலத்துல 'கமேலோஸ்'னு கண்ணு முன்னாடியே இருக்கு, அதை எடுக்காம உல்பந்துஸ்னு போட்டிருக்கார். அப்போ அந்த சொல் ஏற்கனவே ஜனங்க வாயில இருந்திருக்கணும். பழைய ஆங்கிலத்துல 'ஓல்ஃபெண்ட்', பழைய ஜெர்மன்ல 'ஓல்பெந்தா', எல்லாமே ஒட்டகம்தான். ரெண்டு மிருகத்தையும் நேர்ல பாக்காத ஆளுங்க, தூரதேசத்து பெரிய மிருகம்னு கேள்விப்பட்டதோட சரி, பேர் மாறிப்போனதுல ஆச்சரியமே இல்ல.

பனிக்காத்து:
ஐஸ்லாண்டிக்ல இன்னைக்கும் 'ஊல்ஃபால்தி'தான். 'ஊல்ஃபுர்'னா ஓநாய், அதுலேர்ந்து வந்திருக்காதா?

பழைய_ஏடு:
இல்லங்க, அது பின்னாடி காதுக்கு பழக்கமான சொல் மாதிரி திரிஞ்சது. ஓநாய் வேணும்னா மொழிபெயர்த்தவர் பேர்லயே இருக்கு, வுல்ஃபிலான்னா குட்டி ஓநாய் 😄 ஸ்லாவ் மொழிகள்லயும் இதே கூத்துதான், கோதிக் சொல்லை வாங்கி, முன்பாதியை 'பெரிய'ங்கற அவங்க சொல்லோட சேர்த்துக்கிட்டாங்க. போலிஷ் 'வியெல்ப்வோந்த்', ரஷ்யன் 'வெர்ப்ளூத்' எல்லாம் அந்த வழிதான்.

இலக்கணப்_புலி:
ஒரு சின்ன ஆட்சேபணை. 'எ' எப்படி 'உ' ஆச்சு? வழக்கமான ஒலிமாற்ற விதி எதுலயும் அது அடங்காது. கிரேக்கத்துலேர்ந்து நேரா வந்திருக்காது, நடுவுல வேற ஒரு மொழி வாய் வழியா வந்திருக்கணும்ங்கறது என் கட்சி.

பனிக்காத்து:
ஓநாயை வாபஸ் வாங்கிக்கறேன். பேனை பெருமாள் ஆக்கறதுன்னு சொல்றமே, ஐஸ்லாண்டிக்ல அதுக்கு 'கொசுவை ஒட்டகம் ஆக்காதே'ம்பாங்க, அங்கயும் இந்த ஊல்ஃபால்திதான் வரும்.

சொல்பொறுக்கி:
சூப்பர். அப்போ நிஜ யானைக்கு என்ன பேர் வச்சாங்க?

பழைய_ஏடு:
பழைய ஆங்கிலத்துல 'எல்பெண்ட்', அதே எலெஃபாஸ் இன்னொரு தடவை உள்ள வந்திருக்கு. நார்ஸ்காரங்க (பழைய ஸ்காண்டிநேவியா ஆளுங்க) 'ஃபீல்'னாங்க, அது பாரசீக 'பீல்', அரபு வழியா வந்தது.