40 பவுண்டு கில்ட்டா, 700 பவுண்டு கில்ட்டா? ஸ்காட்லாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி: கிளாஸ்கோவுக்குப் புதுசு. ஜூனில் ஆபீஸ் நண்பருக்குக் கல்யாணம், அழைப்பிதழில் ‘ஹைலேண்ட் டிரஸ்’, அதாவது ஸ்காட்லாந்து மரபு உடை, என்று போட்டிருக்கிறார்கள். அதற்குக் கட்டும் கில்ட் (ஆண்கள் இடுப்பில் சுற்றும் கட்டம் போட்ட, கொசுவம் வைத்த துணி) சுற்றுலாக் கடையில் 40 பவுண்டு, தைத்துத் தரும் இடத்தில் 700. பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு. எதை வாங்கலாம்? நாம போட்டா யாராவது தப்பா நினைப்பாங்களா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில். தப்பாக நினைக்க மாட்டார்கள், சந்தோஷம்தான் படுவார்கள். எந்தக் குலத்தின் டார்டனை (கட்டம் போட்ட துணி டிசைன்) யார் போடலாம் என்று சட்டம் எதுவும் கிடையாது. ராஜ குடும்பத்துக்கென்று இருக்கும் பால்மோரல் மாதிரி ஒன்றிரண்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சங்கடம் வேண்டாமென்றால் பிளாக் வாட்ச், ஐல் ஆஃப் ஸ்கை போல எல்லோருக்கும் பொதுவானவற்றில் ஒன்றை எடுங்கள். 2009-லிருந்து அரசே டார்டன் பதிவேடு நடத்துகிறது. இணையத்தில் இலவசமாகத் தேடலாம்.

இனி விலை. ஒரே ஒரு கல்யாணத்துக்கு என்றால் ரெண்டுமே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். கில்ட்டோடு ஜாக்கெட், வெயிஸ்ட்கோட், ஸ்போரன் (முன்னால் தொங்கும் சின்னப் பை), ஷூ, காலுறை எல்லாம் சேர்த்துச் சுமார் 60 முதல் 120 பவுண்டுக்குள் முடியும். கில்ட்டுக்கு மட்டும் விலை பார்த்துவிட்டு மற்றதை மறந்துவிடுகிறோம். அந்த மற்ற உருப்படிகளைத் தனித்தனியாக வாங்கினால் அதுவே கில்ட் விலையை நெருங்கிவிடும். மே முதல் செப்டம்பர் வரை கல்யாண சீசன், ஜூன் ஜூலையில் பட்டமளிப்பும் சேர்ந்துகொள்ளும். அதனால் ரெண்டு மூணு மாதம் முன்னாலேயே அளவு கொடுத்து வையுங்கள்.

‘பார்க்க ஒண்ணு மாதிரி’ என்பது முன்பக்கத்தை மட்டும் பார்ப்பதால். கில்ட்டைத் திருப்பிப் பிடியுங்கள். பின்னால் இருக்கும் கொசுவம்தான் கில்ட். மடிசாருக்கு ஒன்பது கஜம் என்றால் நல்ல கில்ட்டுக்கு எட்டு கஜம். அதில் பெரும்பகுதி அந்தக் கொசுவத்துக்குள்தான் போகிறது. கைத்தையல்காரர் ஒவ்வொரு மடிப்பையும் கட்டம் பார்த்து மடிப்பார். மடித்த பிறகும் கோடுகள் குறுக்கே ஒன்றோடொன்று சேர்ந்து, துணியை மடிக்கவே இல்லாத மாதிரி அதே கட்டம் தெரியும். மடிப்பு இடுப்பில் குறுகி, பிருஷ்டத்தில் அகலும்படி அங்குலக் கணக்கில் இழைத்து, இடுப்பிலிருந்து பிருஷ்டம் வரை தைத்து இறக்கியிருப்பார். 40 பவுண்டு கில்ட்டில் இடுப்புப் பட்டைக்குக் கீழே கொஞ்ச தூரத்திலேயே தையல் நின்றுவிடும். கட்டம் இங்கே பாதி, அங்கே கால் என்று குதிக்கும். அதனால்தான் அது பின்னால் குடை மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது.

அடுத்து கீழ் ஓரத்தைப் பாருங்கள். நல்ல கில்ட்டில் ஓரம் மடித்துத் தைத்திருக்காது. துணியின் சொந்தக் கரையே ஓரம். மலிவானதில் மடித்து அடித்திருப்பார்கள். அந்தத் தடிப்பால் கொசுவம் ஒழுங்காக விழாது, கேய்லி என்கிற ஸ்காட்லாந்துக் கூட்டு ஆட்டத்தில் சுழலும்போது விசிறாது. துணி அக்ரிலிக் என்றால் கொஞ்ச நாளில் உருண்டை உருண்டையாகப் பூ எழும். இஸ்திரிச் சூடு கூடினால் பளபளவென்று தழும்பு விழும், அது போகாது.

எடைக்கும் ஒரு கணக்கு உண்டு. எட்டு கஜம் என்பது இரட்டை அகலத் துணியில் நாலு கஜம். கஜத்துக்கு 16 அவுன்ஸ் கம்பளி என்றால் 64 அவுன்ஸ், ஏறத்தாழ 1.8 கிலோ. 13 அவுன்ஸ் என்றால் ஒன்றரை கிலோ. ஆடுகிறவர்களுக்கும் ஹாலுக்குள்ளேயே இருப்பவர்களுக்கும் 13 போதும். காற்றில் வெளியே நின்று போட்டோ எடுப்பவர்கள் 16-ஐ வாழ்த்துவார்கள்.

இன்னொருவர் பதில்: மேலே சொன்னதோடு ஒன்று. ரெண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கு, பழைய கம்பளி கில்ட். வாடகைக் கடைகள் வருஷா வருஷம் பழைய சரக்கைக் கழிப்பார்கள். நன்கொடையாக வந்த பழைய சாமான் விற்கும் சாரிட்டி கடைகளிலும் வரும். வருஷத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல் கட்டுவீர்கள் (ஜனவரி 25 பர்ன்ஸ் நைட், நவம்பர் 30 செயின்ட் ஆண்ட்ரூஸ் டே, நடுவில் ஒரு கல்யாணம்) என்றால் எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. புது அக்ரிலிக்கை விடப் பழைய கம்பளி எப்போதும் மேல்.

வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், அந்துப்பூச்சி அரித்த ஓட்டை தெரியும். தோல் வாரில் வெடிப்பு இருந்தால் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். பக்கிளை நகர்த்தி இடுப்பை ஓரிரண்டு அங்குலம் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் உயரத்தை மாற்றுவது சுலபமில்லை. கீழே கரை, மடித்துத் தைக்க இடமே இல்லை. பிருஷ்ட அளவு சரியில்லை என்றாலும் விட்டுவிடுங்கள், மொத்தக் கொசுவத்தையும் பிரிக்க வேண்டி வரும்.

கேள்வி: அளவு எப்படி எடுப்பது? பேண்ட் 34.

பதில்: 34 என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இதில்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டுகிறார்கள். பேண்ட்டும் வேட்டியும் நமக்குத் தொப்புளுக்குக் கீழே நிற்கும். கில்ட் தொப்புள் உயரத்தில், சில பேருக்கு அதற்கும் மேலே நிற்கணும். அங்கே சுற்றளவு 36, 38 கூட வரும். தொப்பையை உள்ளே இழுக்காமல், சட்டைக்கு மேல் டேப்பைப் படிய வைத்து எடுங்கள். பிறகு பிருஷ்டத்தின் அகலமான இடம். பிறகு தொப்புளிலிருந்து முட்டிச் சில்லின் நடு வரை. கட்டிக்கொண்டு முட்டி போட்டு நிமிர்ந்தால் ஓரம் தரையை லேசாகத் தொடணும், அல்லது ஓர் அங்குலம் மேலே நிற்கணும். வேட்டி மாதிரி இடுப்பெலும்பில் இறக்கிக் கட்டினால் முட்டியை மூடித் தொங்கும், பாவாடை மாதிரி ஆகிவிடும்.

கட்டும்போது கொசுவம் பின்னால். வலது கைப்பக்க நுனியை முதலில் இடப்பக்கம் கொண்டுபோய், அங்கிருக்கும் துளை வழியே வாரை வெளியே இழுத்துப் பக்கிள் போடுங்கள். அதன் மேல் மற்ற நுனியை வலப்பக்கம் கொண்டுவந்து மீதி ரெண்டு பக்கிளையும் போடுங்கள். குஞ்சம் வைத்த ஓரம் வலது தொடை மேல் வரணும். கில்ட் பின்னை (முன் ஓரத்தில் குத்தும் அலங்கார ஊசி) மேல் துணியில் மட்டும் குத்துங்கள். ரெண்டையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும். உட்காரும் முன் கொசுவத்தைக் கையால் பின்னிருந்து தடவிக் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தைத்து வாங்கினால் கொசுவத்தின் குறுக்கே வெள்ளை நூலில் ஓட்டுத்தையல் போட்டே கொடுப்பார்கள். அது அலங்காரம் இல்லை, கட்டும் முன் பிரிக்கணும். அடுத்த முறை இஸ்திரி போடும் முன் நீங்களே அதே மாதிரி ஓட்டிக்கொண்டு, ஈரத்துணி மேலே விரித்து அழுத்துங்கள். வாஷிங் மெஷினில் போட்டால் கம்பளி சுருங்கி, பிறகு பொம்மைக்குத்தான் ஆகும். அழுக்குப் பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி, ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள்; சுருக்கம் தானே இறங்கும். பெட்டியில் வைக்கும்போது அந்துருண்டை அவசியம்.

இன்னொருவர் பதில்: காலுறையில் செருகும் சின்னக் கத்தி, ஸ்கீன் டூ. தேசிய உடையின் பகுதியாக வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. கில்ட்டைக் கழற்றி ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு அதே கத்தியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனால் அந்தச் சலுகை இல்லை. ஊருக்குப் போகும்போது செக்-இன் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வேண்டாம். வாடகை செட்டில் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான் தருவார்கள். முதல் நாளே வாங்கி, கில்ட் பின், ஃபிளாஷ் (காலுறை மேல் தெரியும் ரிப்பன்), ஸ்போரன் சங்கிலி எல்லாம் இருக்கிறதா என்று கடையிலேயே எண்ணிப் பார்த்துவிடுங்கள்.